கடலாடித் திரும்பும் வழி



இலட்சத்தீவு சென்று, பவழத் திட்டுகளிடையே மூழ்கிக் கடலடி அழகைக் கண்டுவர நம் குடியிருப்பின் இளைஞர் சிலர் விரும்புகின்றனர். அத்தீவுகள் நமக்கு அயலானவை அல்ல. அமினி, கடமத்து முதலியவை திப்பு சுல்தான் காலத்தில் மைசூர் ஆட்சியைச் சார்ந்திருந்தன. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் ஆங்கிலேயர் வசமாகி, 1956 வரை சென்னை மாநிலத்தோடு இணைந்திருந்தன.

நுழைவு அனுமதியை முன்னரே பெறவேண்டும். கொச்சியிலிருந்து கப்பலிலோ, அகத்தி வரை விமானத்திலோ செல்லலாம். இவற்றையெல்லாம் நம் இளைஞர்கள் செவ்வனே குறித்துள்ளனர். ஆயினும், ஞாயிறு காலை மூழ்கி, நண்பகல் விமானமேறி, திங்களன்று அலுவலகம் செல்வதென்ற திட்டத்தைக் கண்டு நாம் திடுக்கிட்டோம்.

10 மீட்டர் ஆழத்தில் நம்மீதுள்ள அழுத்தம் இருமடங்காகிறது. அப்போது சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் மிகுதியாக உடலில் கரைந்து தங்குகிறது. அழுத்தம் விரைந்து குறையின், சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் அது குமிழியாகும். மூட்டு நோவும் முடக்கமும் நேரலாம். ஆகவே, பலமுறை மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரம் விமானமேறலாகாது என்பது வல்லுநர் நெறி. ஒருநாள் முழுதும் விடுவதே நன்று.

கப்பலில் வருவோர்க்குக் கடற்பயணமே பெரும்பாலும் ஓய்வாக அமையும். எனினும், அவர்களும் மணிக்கணக்கைப் பார்த்த பின்னரே மலைப்பாதை ஏறுக; நம் மைசூர் கடல் மட்டத்திற்கு 700 மீட்டருக்கும் மேல் உயர்ந்த ஊரன்றோ!

எனவே இளைஞர்களே, திட்டத்தைத் திரும்பும் நாளிலிருந்து வகுத்திடுங்கள். விடுப்பில் ஒருநாளைக் கூட்டிக் கேளுங்கள். நீங்கள் நலமுடன் மீண்டு வந்து சொல்லும் கடற்கதைகளைக் கேட்க நாங்கள் காத்திருக்கிறோம்.