பூல் பம்பும் சம்ப் மோட்டாரும்: எட்டு வீட்டுக்கு ஒரு மோட்டார் வாங்கின கதை

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நங்கநல்லூர்ல எங்க அபார்ட்மென்ட் மோட்டார் எரிஞ்சு போச்சு. எட்டு வீடு, மூணு மாடி, ஒரே மோட்டார். சம்ப்ல தண்ணி தீர்ந்தது யாருக்கும் தெரியல, அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்திருக்கு. அன்னிக்கு ராத்திரி எல்லாரும் பக்கெட்டோட மாடி ஏறினோம்.

மறுநாள் வாட்ஸ்அப் குரூப்ல விவாதம். பழைய மோட்டார் ஒன்றரை எச்பி. பிளம்பர், "ரெண்டு எச்பி போட்டுடலாம் சார், சீக்கிரம் ரொம்பும்"னார். அமெரிக்காவுல இருக்கற எங்க அண்ணன், "வேரியபிள் ஸ்பீடு பம்ப் வாங்குடா. என் வீட்டு ஸ்விம்மிங் பூலுக்கு அதான் போட்டிருக்கேன், கரண்ட் பில் நல்லா குறைஞ்சுது"ன்னான். விலை அதிகம்தான், ஆனா மிச்சம் ஆகுமேன்னு எனக்கும் ஆசை வந்துச்சு.

அண்ணன் சொன்னது பொய் இல்ல. பூல்ல தண்ணி எங்கயும் ஏறுறதில்ல. ஃபில்டர் வழியா ஒரு சுத்து சுத்தி அதே பூலுக்குத்தான் திரும்புது. பைப்பும் ஃபில்டரும் தர்ற உராய்வை மட்டும் பம்ப் ஜெயிச்சா போதும். இந்த மாதிரி இடத்துல வேகத்தைப் பாதியாக்கினா, தண்ணி பாதியாகும். ஆனா இழுக்கற கரண்ட் கிட்டத்தட்ட எட்டுல ஒரு பங்கா இறங்கிடும். ரெண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும் மொத்தச் செலவு கால்வாசிதான். 2021 ஜூலைல அமெரிக்காவுல வந்த விதி, பெரிய பூல் பம்புகளை இந்தப் பக்கம் தள்ளினதுக்கும் இதான் காரணம்.

ஆனா நம்ம மோட்டாரோட வேலை சுத்தறது இல்ல, தூக்கறது. நம்ம ஊரு ஆஞ்சநேயர் 32 அடி. எங்க மொட்டை மாடி டேங்க் அதைவிட ஒன்றரை மடங்கு, கிட்டத்தட்ட 15 மீட்டர். வேகத்தைப் பாதியாக்கினா பம்ப் தூக்கற உயரம் கால்வாசியாகும். 24 மீட்டர் தூக்கற பம்ப் 6 மீட்டர்தான் தூக்கும். அதாவது தண்ணி ஆஞ்சநேயர் தோளுக்குக்கூட எட்டாது. கரண்ட் செலவாகும், டேங்க்ல சொட்டுகூட விழாது.

சரி, மிச்சம்தான் எவ்வளவு? ஒரு நாளைக்கு 8,000 லிட்டரை 15 மீட்டர் தூக்க, கணக்குப்படி ஒரு யூனிட்ல மூணுல ஒரு பங்கு போதும். சின்ன மோட்டார்ல பாதிக்கு மேல வீணாகும்னு வெச்சாலும் ஒரு யூனிட். யூனிட் 8 ரூபாய்னா மாசம் 240 ரூபாய். இதுல என்னத்த மிச்சம் பிடிச்சு அந்த விலையை எடுக்கறது?

பிளம்பரோட ரெண்டு எச்பியும் வேண்டாம்னு முடிவு பண்ணினோம். பைப் அதே சைஸ்தான். பெரிய மோட்டார் வேகமாத் தள்ளத் தள்ள உராய்வுதான் ஏறும், கரண்ட் அதுலயே போயிடும்.

கடைல நாங்க எச்பியைக் கேக்கவே இல்ல. டேபிளைக் கேட்டோம். எத்தனை மீட்டர் ஹெட்ல நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்னு கம்பெனி அச்சடிச்சுத் தர்ற அட்டவணை அது. டேங்க் உயரம், சம்ப் ஆழம், பைப் உராய்வு எல்லாம் சேர்த்து எங்களுக்கு 20 மீட்டர் வந்துச்சு. அந்த 20, பம்போட ஹெட் ரேஞ்சுக்கு நடுவுல விழுற மாதிரி ஒரு எச்பி மோனோபிளாக் எடுத்தோம்.

மிச்சக் காசுல வாட்டர் லெவல் கன்ட்ரோலர் போட்டோம். சம்ப் காலின்னா மோட்டார் தானா நின்னுடும். யோசிச்சுப் பாருங்க, பழைய மோட்டார் செத்தது வேகத்தால இல்ல, தண்ணி இல்லாம ஓடினதால. மூணு நாள் சண்டை போட்ட குரூப்ல அதை மட்டும் யாரும் பேசல.

உங்க வீட்ல பூல் இருந்தா, இல்ல ஷவருக்கு நேரடியா பிரஷர் தர்ற பூஸ்டர் பம்ப் இருந்தா, வேரியபிள் ஸ்பீடு தாராளமா யோசிங்க. அங்க தேவை நேரத்துக்கு நேரம் மாறும். சம்ப்லேர்ந்து டேங்குக்கு ஏத்தணும்னா, முதல்ல உயரத்தை அளங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.