வீட்டுக் கடன்: மனு முதல் மூலப் பத்திரம் திரும்பும் வரை
(கரோல் பாக் அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீடு வாங்கப் போகும் பிள்ளைகளுக்கும், அவர்களோடு சேர்ந்து கையெழுத்துப் போடப் போகும் பெரியவர்களுக்கும் சில விஷயங்கள் சொல்கிறேன்.

மனு கொடுத்ததும் பாங்க் முதலில் ஆளைப் பார்க்கும். சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, சிபில் மதிப்பெண் இவையெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். அடுத்தது வீடு. அங்கேதான் பலருக்கு இடிக்கிறது.

டெல்லியில் அந்த நாளில் பலர் ஜெனரல் பவர் ஆஃப் அட்டர்னியை வைத்தே வீடு வாங்கினார்கள். குத்தகை நிலத்தை அனுமதியின்றி விற்க முடியாது என்பதால் வந்த குறுக்கு வழி அது. 2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய காகிதங்களால் உரிமை மாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரம்தான் செல்லும் என்று சொல்லிவிட்டது. நாற்பது வருஷம் குடியிருந்த வீடாகவே இருக்கட்டும், அதை வாங்க வருபவருக்குக் கடன் கிடைப்பது கஷ்டம். ஆகவே முன்பணம் கொடுக்குமுன் தாய்ப் பத்திரத்திலிருந்து எல்லாவற்றையும் நம் வக்கீலிடம் காட்டிவிட வேண்டும். பாங்கின் வக்கீல் பார்ப்பது பாங்கின் நலனை. இந்த ஃபீஸில் மிச்சம் பிடிக்காதீர்கள். இப்படிப்பட்ட பழைய வீடு உங்களிடமே இருந்தால், எழுதிக் கொடுத்தவர் இருக்கும்போதே அதைச் சரிசெய்யப் பாருங்கள்.

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடன் வீட்டு மதிப்பில் 90 சதவிகிதம் வரை போகலாம். அதற்கு மேல் 75 லட்சம் வரை 80, அதையும் தாண்டினால் 75. பாக்கி கைப்பணம். பத்திரச் செலவு வேறு.

சாங்ஷன் கடிதம் வந்தவுடன் பால் பாயசம் வைத்துவிடாதீர்கள். பதிவு நாளன்றுதான் பணம் விற்பவருக்குப் போகும், அசல் பத்திரங்கள் பாங்குக்குப் போகும். எத்தனை காகிதம் கொடுத்தோம் என்ற பட்டியலைக் கையெழுத்தோடு வாங்கி வையுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. 30 லட்சம், 9 சதவிகிதம், 20 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 26,992 ரூபாய். முதல் மாதம் அதில் 22,500 வட்டி. அசலில் கழிவது 4,492தான்! ஆகவே கையில் வரும் போனஸை முதல் சில வருஷங்களிலேயே கட்டுவது லாபம். தனிநபர் பெயரிலுள்ள மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது.

கடைசித் தவணையோடு வேலை முடிவதில்லை. பத்திரம் பாங்கில் பத்திரமாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2023 டிசம்பர் 1 முதல், கடன் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பி, பதிவாகியுள்ள அடமானத்தையும் நீக்க வேண்டும். பாங்க் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும். தமிழ்நாட்டில் அடமானத்தை சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் பதிந்திருந்தால், ரசீதுப் பத்திரமும் பதிந்து, வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.

நோ டியூஸ் கடிதத்தையும் பத்திரங்களோடு சேர்த்து, எந்த பீரோவில் இருக்கிறது என்று ஆத்தில் மாமியிடம் சொல்லி வையுங்கள். சந்தேகம் இருந்தால் இப்போது கேட்கலாம்.