ஒன்பது கோப்பைகளின் கணக்கு



ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் பொழுது விடியுமுன்பே பாற்குடங்கள் புறப்பட்டுவிடும். பால் ஊற்றுமிடத்தில் இரண்டு கணக்குகள் எழுதுவார்கள். எத்தனை லிட்டர் என்பது ஒன்று. அந்தப் பாலில் கொழுப்பு எவ்வளவு என்பது மற்றொன்று. அளவை மட்டும் பார்த்து யாரும் விலை போடுவதில்லை. பால்கோவா கிண்டுகிறவருக்கும் இது தெரியும். எவ்வளவு பால் காய்ச்சினோம் என்பதைவிட, அடுப்பிலிருந்து எவ்வளவு கோவா இறங்கியது என்பதே அவருக்குப் பெரிது.

இந்த இரண்டு கணக்கு முறையைக் கால்பந்துக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியதற்கு ஒரு மாணவன் காரணம்.

ராஜபாளையத்தில் ஒரு மாலை வேளையில், பந்தாட்டம் நடந்துகொண்டிருந்த மைதானத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஆட்டத்தில் சேராத பையன் ஒருவன் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. வாங்கிப் பார்த்தேன். தென்னாசியக் கால்பந்துச் சாம்பியன் போட்டியின் முடிவுகளை, 1993ஆம் ஆண்டு முதல் 2023ஆம் ஆண்டு வரை, கோடு போட்டு வரிசையாக எழுதியிருந்தான். இந்தியா வென்ற ஆண்டுகளைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்தான். 1993, 1997, 1999, 2005, 2009, 2011, 2015, 2021, 2023 என்று ஒன்பது கோடுகள்.

"சார், நாம் ஒன்பது தடவை ஜெயித்திருக்கிறோம். பிறகு ஏன் உலகக் கோப்பையில் மட்டும் நம்மால் ஆட முடியவில்லை?" என்று கேட்டான்.

சிறுவன் கேட்ட கேள்விதான். ஆனால் அதற்குச் சட்டென்று விடை சொல்ல என்னால் முடியவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றிரவு யோசித்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் அளவுக் கணக்கைப் பார்ப்போம். இந்தப் போட்டி 1993ஆம் ஆண்டில் லாகூர் நகரத்தில் தொடங்கியது. அப்போது இந்தியா, இலங்கை, நேபாளம், பாகிஸ்தான் ஆகிய நான்கு நாடுகளே ஆடின. இறுதிப் போட்டி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு நாடும் மற்ற நாடுகளோடு ஆடிப் புள்ளிகளைச் சேர்த்தது. அதுமுதல் 2023 வரை பதினான்கு போட்டிகள் நடந்தன. இந்தியா ஒன்பது முறை முதலிடம் பெற்றது. 1995, 2008, 2013, 2018 ஆகிய நான்கு முறை இரண்டாமிடம் பெற்றது. 2003இல் டாக்காவில் மட்டும் மூன்றாமிடத்தோடு திரும்பியது. பதினான்கில் பதின்மூன்று முறை முதல் இரண்டு இடங்களுக்குள் வருவது எந்தப் பந்தயத்திலும் எளிதான செயலன்று. எஞ்சிய ஐந்து கோப்பைகளில் மாலத்தீவு இரண்டையும், இலங்கை, வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகியவை ஒவ்வொன்றையும் கொண்டுசென்றன.

அளவுக் கணக்கு இவ்வளவே. இனிக் கொழுப்புக் கணக்குக்கு வருவோம்.

ஒன்பது என்ற எண்ணைப் பிரித்துப் பாருங்கள். 1993இல் கிடைத்தது புள்ளிகளால் வந்த வெற்றி. 1997இல் காட்மாண்டுவில் மாலத்தீவை 5-1 என்றும், 1999இல் கோவாவில் வங்காளதேசத்தை 2-0 என்றும், 2005இல் கராச்சியில் அதே வங்காளதேசத்தை மீண்டும் 2-0 என்றும், 2011இல் டில்லியில் ஆப்கானிஸ்தானை 4-0 என்றும், 2021இல் மாலேயில் நேபாளத்தை 3-0 என்றும் நாம் வென்றோம். இந்த ஐந்தும் ஐயத்துக்கு இடமில்லாத வெற்றிகள். 2015ஆம் ஆண்டுப் போட்டி நமக்கு அருகிலேயே, செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால், திருவனந்தபுரத்தில் நடந்தது. இறுதியாட்டம் 2016 ஜனவரி 3ஆம் தேதிக்குத் தள்ளிப்போயிற்று. ஆப்கானிஸ்தான் முதலில் கோல் போட்டது. நாம் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி போட்ட கோலால் 2-1 என்று தப்பினோம். 2009இலும் 2023இலும் ஆட்டம் சமனாகி, பெனால்டி உதைகளால் வெற்றி தீர்மானிக்கப்பட்டது.

ஒன்பது கோடுகளும் ஒரே சிவப்பில் இருந்தாலும் ஒவ்வொன்றின் கனமும் வேறு. 2009இல் டாக்காவுக்கு நாம் அனுப்பியது இருபத்துமூன்று வயதுக்கு உட்பட்ட இளைஞர்களின் அணியை. அவர்கள் பெரியவர்களோடு மோதிக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். பட்டியலைப் பார்க்கிறவருக்கு அந்த வெற்றியும் மற்ற எட்டில் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் உண்மையில் அதன் கொழுப்பு அதிகம். 2018இலும் அவ்வாறே இளைஞர் அணியை அனுப்பினோம். இறுதியாட்டத்தில் 1-2 என்று மாலத்தீவிடம் தோற்றோம். தோல்விப் பக்கத்தில் எழுதப்பட்ட அந்த வரிக்கும் ஒரு மதிப்பு உண்டு.

அந்த 2018ஆம் ஆண்டு மாலத்தீவின் கதை எண்களை நம்புகிறவர்களுக்கு நல்ல பாடம். முதற் சுற்றில் அந்த அணி ஒரு கோல்கூடப் போடவில்லை. இலங்கையோடு 0-0 என்று சமன் செய்தது. இந்தியாவிடம் 0-2 என்று தோற்றது. இலங்கையும் இந்தியாவிடம் அதே 0-2 என்று தோற்றிருந்தது. இரண்டு அணிகளையும் எந்த எண்ணாலும் பிரிக்க முடியாமற்போகவே, நாணயத்தைச் சுண்டிப் பார்த்தார்கள். அது மாலத்தீவுக்குச் சாதகமாக விழுந்தது. அரையிறுதியில் நேபாளத்தை 3-0 என்று வென்று, இறுதியில் நம்மையும் வென்று, அந்த அணி கோப்பையை எடுத்துச்சென்றது. முதற் சுற்றோடு கணக்கை மூடியிருந்தால் அதை நாம் ஒரு பொருட்டாகவே எண்ணியிருக்கமாட்டோம்.

மாலத்தீவு நமக்கு அந்நியமான இடமன்று. தூத்துக்குடியிலிருந்து தோணிகள் காய்கறியும் கட்டடச் சாமான்களும் ஏற்றிக்கொண்டு போய்வந்த தீவுகள் அவை. நம் தென்கோடிச் சமையலில் மணக்கும் மாசிக் கருவாடு அந்தக் கடலின் கொடைதான். எல்லாத் தீவுகளின் நிலப்பரப்பையும் கூட்டினால் சுமார் 300 சதுர கிலோமீட்டர் தேறும். 2006ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே ஜனத்தொகை மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

இப்போது நம் ஊர்களைப் பாருங்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ராஜபாளையம் நகரின் ஜனத்தொகை ஒரு லட்சத்து முப்பதாயிரம். ஸ்ரீவில்லிபுத்தூரின் ஜனத்தொகை எழுபத்தையாயிரம். இரண்டும் சேர்ந்து இரண்டு லட்சத்துக்கு மேல். சுற்றுப்புறக் கிராமங்களையும் சேர்த்துக்கொண்டால் 2006இல் இருந்த மாலத்தீவை எட்டிவிடலாம். அதாவது, நம் இரண்டு ஊர்களும் அவற்றின் கிராமங்களும் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு மக்களைக் கொண்ட ஒரு நாடு, 2008ஆம் ஆண்டு கொழும்பு நகரில், நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட இந்தியாவை இறுதியாட்டத்தில் 1-0 என்று வென்றது. ஐந்து முறை இறுதியாட்டம் வரை வந்த நாடு அது.

அந்த நாட்டில் அலி அஷ்ஃபாக் என்ற ஆட்டக்காரர் தோன்றினார். 2013இல் காட்மாண்டுவில் இலங்கைக்கு எதிராக மாலத்தீவு 10-0 என்று வென்றபோது, பத்தில் ஆறு கோல்கள் அவருடையவை. இந்தப் போட்டிகளில் அவர் போட்ட கோல்கள் மொத்தம் 23. சேத்ரியின் கணக்கும் 2023ஆம் ஆண்டுப் போட்டி முடிந்தபோது அதே 23. பெரிய நாட்டின் தலைவரும் சிறிய நாட்டின் தலைவரும் ஒரே எண்ணில் வந்து நிற்பதைக் காணும்போது, திறமை ஜனத்தொகையைக் கேட்டுக்கொண்டு பிறப்பதில்லை என்பது விளங்குகிறதல்லவா?

பத்துக் கோல் வாங்கிய இலங்கையையும் இகழ்ந்துவிடாதீர்கள். 1995ஆம் ஆண்டு கொழும்பில் கூடுதல் நேரத்தில் நம்மை 1-0 என்று வென்று கோப்பையை வாங்கிய நாடு அது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டு விழாவில் நாம் வங்காளதேசத்தை வென்று கால்பந்துத் தங்கத்தைப் பெற்றோம். ஒரே ஆண்டில் ஒரு கை இழந்தது. மறு கை பெற்றது. போரினால் நைந்துபோன ஆப்கானிஸ்தான், 2011இல் நம்மிடம் நான்கு கோல் வாங்கிய இரண்டே ஆண்டுகளில், 2013இல் நம்மை 2-0 என்று வென்றது. தோற்றவன் அடுத்த பக்கத்தில் எழுந்து நிற்பதைக் காட்டுவதற்காகவே பழைய ஏடுகளைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

இனி அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன். ஒன்பது முறை வென்றவர்கள் ஏன் உலக மேடைக்குப் போகவில்லை?

இந்தியக் கால்பந்துக்கு இன்னொரு பேரேடும் உண்டு. 1952 முதல் 1955 வரை இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, பர்மா ஆகிய நான்கு நாடுகள் கொழும்புக் கோப்பைக்காக ஆடின. முதலாண்டில் நாம் பாகிஸ்தானோடு கோப்பையைப் பகிர்ந்துகொண்டோம். பிந்திய மூன்று ஆண்டுகளிலும் தனியே வென்றோம். அந்தக் காலத்தில் அண்டை நாடுகளை வெல்வதோடு நாம் நின்றுவிடவில்லை. 1951இல் டில்லியிலும் 1962இல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டு விழாவில் தங்கம் பெற்றோம். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்றோம். அண்டை வீட்டு வெற்றி அன்று நமக்கு வாசற்படியாக இருந்தது.

பிற்காலத்தில் அதுவே வீடாகிவிட்டது. 2023 ஜூலை 4ஆம் தேதி பெங்களூரில், விருந்தாளியாக அழைக்கப்பட்ட குவைத் நாட்டோடு 1-1 என்று ஆடி, பெனால்டி உதைகளில் 5-4 என்று வென்று, ஒன்பதாவது கோப்பையைப் பெற்றோம். அதற்கு முன் அரையிறுதியில் மற்றொரு விருந்தாளியான லெபனானையும் பெனால்டி உதைகளால்தான் கடந்தோம். அரங்கம் ஆரவாரித்தது, ஆரவாரிக்கவேண்டியதுதான். ஆனால் ஆறே மாதங்களுக்குப் பின், 2024 ஜனவரியில், கத்தார் நாட்டில் ஆசியக் கோப்பைப் போட்டி நடந்தது. ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. ஒரு கோல்கூட இல்லை. லிட்டர் கணக்கில் ஒன்பது குடம் நிறைந்திருந்தது. அடுப்பில் ஏற்றிக் காய்ச்சியபோதுதான் எவ்வளவு நீர் என்பது தெரிந்தது.

இதைக் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. ஆடியவர்கள் உழைப்பில் குறை வைக்கவில்லை. ஆனால் நாட்டு அணி என்பது வானத்திலிருந்து இறங்குவதன்று. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஆயிரம் ஊர்களிலிருந்து அது சுரக்கவேண்டும். மடியில் பால் இல்லாவிட்டால் குடத்தைப் பளபளவென்று விளக்கி என்ன பயன்?

நான் பல ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவன். பதின்மூன்று வயதில் மான்போல் ஓடிய பையன்கள் பதினைந்து வயதில் மைதானத்தை விட்டு மறைந்ததைக் கண்டிருக்கிறேன். பத்தாம் வகுப்புத் தேர்வு சிலரைக் கொண்டுபோயிற்று. குடும்ப வறுமை சிலரை வேலைக்குக் கொண்டுபோயிற்று. அவர்களில் எத்தனை பேர் நன்றாக ஆடினார்கள், எந்த வயதில் நிறுத்தினார்கள் என்று நான் ஒரு தாளில்கூடக் குறித்துவைக்கவில்லை. தேர்வில் எத்தனை பேர் தேறினார்கள் என்ற கணக்கை மட்டும் ஆண்டுதோறும் தவறாமல் எழுதினேன். அந்தக் குறை என்னுடையது. எழுதப்படாத கணக்கைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. கவலைப்படாத இழப்பை யாரும் ஈடுசெய்வதுமில்லை.

ஆகையால், மறுவாரம் அந்தப் பையனைத் தேடிச் சென்றேன். "தம்பி, உன் நோட்டில் ஆண்டு இருக்கிறது, வென்றவர் பெயர் இருக்கிறது. இன்னும் ஒரு பத்தி சேர்த்துக்கொள். யாரை வென்றார்கள், எப்படி வென்றார்கள் என்று அதில் எழுது. உன் கேள்விக்கு விடை அந்தப் பத்தியில் இருக்கிறது" என்றேன். "பின்பக்கத்தைத் திருப்பி, இந்த மைதானத்தில் ஆடுகிறவர்களின் பெயர்களையும் எழுது. யார் வந்தார், யார் நின்றுவிட்டார், ஏன் நின்றார் என்று மாதம் ஒரு முறை குறித்துக்கொள்" என்றும் சொன்னேன்.

அவன் சிறிது நேரம் யோசித்தான். பிறகு பென்சிலை எடுத்து, பின்பக்கத்தில் முதல் பெயரை எழுதினான். அது அவனுடைய அண்ணன் பெயர். அதற்கு எதிரே, "போன வருஷம் நிறுத்திவிட்டான்" என்று எழுதினான்.

ஒன்பது கோப்பைகளும் நம்முடையவை. அவற்றைக் குறித்து மகிழ்வோம். ஆனால் பத்தாவது கோப்பையைப் பற்றிப் பேசுமுன், நம் ஊர் மைதானங்களில் அந்தப் பின்பக்கக் கணக்கை எழுதத் தொடங்குவோம். அதில் நின்றுபோன பெயர்கள் குறையக் குறைய, முன்பக்கத்தில் இருக்கும் எண்களின் மதிப்பு தானே உயரும்.