எழுத்தைச் சுமந்து நடந்தவர்கள்

(பாளையங்கோட்டையில் கல்வித் தொண்டர்கள் கூட்டத்தில் பேசியது)



இன்று நம்மைக் கல்வியின் பெருமை என்பது பற்றிப் பேசும்படி கேட்டுக் கொண்டார்கள். கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசாத மேடை நம் நாட்டில் எங்கே இருக்கிறது? கல்விக்கென்று ஒரு தெய்வத்தை உண்டாக்கி, வருஷத்துக்கு ஒரு நாள் புஸ்தகத்துக்குச் சந்தனம் பூசிப் பூஜை செய்துவிட்டு, மற்ற நாட்களிலெல்லாம் வீட்டுப் பெண்ணும் சேரிப் பையனும் அந்தப் புஸ்தகத்தைத் தொடக்கூடாது என்று சொல்லி வந்தவர்கள் நாம். ஆகையால் பெருமை பேசினது போதும். கல்வியைச் சுமந்துகொண்டு தெருத் தெருவாய் நடந்தார்களே, அந்த ஆட்களைப் பற்றி, அவர்கள் எங்கே புறப்பட்டு எங்கே வந்து சேர்ந்தார்கள் என்பது பற்றி நாம் பேச ஆசைப்படுகிறோம். சொல்லுவதில் உங்கள் புத்திக்கு ஒத்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வாததை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

தோழர்களே! இந்தப் பாளையங்கோட்டையைத் தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று சொல்லிப் பெருமைப்பட்டுக் கொள்ளுகிறோம். அந்தப் பேர் தானாக வந்ததா? தாமிரபரணித் தண்ணீரைக் குடித்ததனால் வந்ததா? அப்படியானால் இந்த ஆறு ஓடிக்கொண்டிருக்கிற அத்தனை ஆயிரம் வருஷமும் இங்கே எல்லோருமல்லவா படித்திருக்க வேண்டும்!

பிரஷ்யா தேசத்தில் 1790-ல் பிறந்த ரேனியஸ் பாதிரியார் 1814-ல் சென்னைக்கு வந்து, 1820-ல் இவ்வூருக்கு வந்து பள்ளிக்கூடங்களை உண்டாக்கினார். அவரை அனுப்பிய சங்கத்தோடு அபிப்பிராய பேதம் ஏற்பட்டு 1835-ல் அதிலிருந்து விலக்கப்பட்டார். விலக்கப்பட்டவர் ஊருக்குக் கப்பலேறவில்லை. திரும்பவும் இந்த ஜனங்களிடமே வந்து, 1838-ல் இந்த மண்ணிலேயே இறந்தார். சாரா டக்கர் அம்மையாரோ இந்த மண்ணை ஒரு நாளும் மிதித்தவரல்ல. அவர் இறந்தபின் அவர் பேரால் சினேகிதர்கள் சேர்த்த பணத்தில்தான் உபாத்தியாயினிகளைப் பழக்கும் பள்ளி இங்கே ஏற்பட்டு, 1895-ல் பெண்கள் கல்லூரியாக வளர்ந்தது. கண் தெரியாத பிள்ளைகளுக்கு ஆஸ்க்வித் அம்மையாரும், காது கேளாத பிள்ளைகளுக்கு ஸ்வெயின்சன் அம்மையாரும், 19-ம் நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே இவ்வூரில் பள்ளிக்கூடம் வைத்தார்கள்.

இவர்கள் தங்கள் மதத்தைப் பரப்ப வந்தவர்கள் என்பதை நாம் மறைக்கவில்லை. அந்த மதமும் நமக்கு வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கண் தெரியாத பிள்ளையைப் பார்த்து, "முன் ஜென்மத்தில் செய்த பாவம்" என்று சொல்லிவிட்டு ஒரு காசு போட்டுப் போனவர்கள் நம்மவர்கள். "இவன் விரலால் தடவிப் படிக்கலாமே" என்று யோசித்தவர் ஒரு அன்னிய தேசத்துப் பெண். பாவம் என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை மிச்சம். வழி உண்டா என்று கேட்டால்தான் வேலை ஆரம்பம். இதற்குத்தான் பகுத்தறிவு என்று பேர்.

இனி நம்மவர்கள் வைத்த ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்ப்போம். வ.வே.சு. அய்யர் அவர்கள் லண்டனில் பாரிஸ்டருக்குப் படித்தவர். தேசத்துக்காகப் புதுச்சேரியில் அஞ்ஞாதவாசம் போல் பல வருஷம் கஷ்டப்பட்டவர். பெரிய தியாகி, பெரிய படிப்பாளி என்பதில் நமக்கு ஆக்ஷேபணையில்லை. அவர் 1922-ல் ஆரம்பித்த தமிழ்க் குருகுலம் இதே ஆற்றங்கரையில் சேரன்மாதேவியில் நடந்தது. எல்லா ஜாதியாரிடமும் பணம் வாங்கி நடந்தது. காங்கிரஸிலிருந்தும் 5000 ரூபாய் கொடுக்கப்பட்டது. அந்தக் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. ஏன் என்று கேட்டதற்கு, அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு என்று சமாதானம் சொல்லப்பட்டது. டாக்டர் வரதராஜுலு நாயுடு அவர்களும் பெரியார் அவர்களும் இதைக் கண்டித்துச் செய்த கிளர்ச்சி 1925-ல் நாடெங்கும் பரவிற்று. அவ்வருஷம் ஜூன் மாதத்தில், பாபநாசத்தில் அருவியில் விழுந்த தம் மகளைக் காப்பாற்றப் போய் அய்யர் அவர்களும் உயிரிழந்தார். அந்தச் சாவுக்கு நாமும் வருத்தப்படுகிறோம்.

ஆனால் அந்தக் குருகுலத்திலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் என்ன? கடல் தாண்டி லண்டன் மட்டும் போய் வந்த ஒரு மனிதரால், ஒரு இலைக்கும் இன்னொரு இலைக்கும் நடுவில் இருந்த இரண்டு முழ தூரத்தைத் தாண்ட முடியவில்லை. கல்வித் தொண்டனுடைய பிரயாணத்தை அவன் ஏறின கப்பலைக் கொண்டு அளக்கக்கூடாது. அவன் தாண்டின ஜாதித் தெருவைக் கொண்டுதான் அளக்கவேண்டும் என்கிறோம்.

அந்தத் தூரத்தைத் தாண்டினவர்களும் இந்த நாட்டிலேயே உண்டு. 1990-ல் கேரளத்து எர்ணாகுளம் ஜில்லா முழுதும் எழுத்தறிவு பெற்றுவிட்டதாக அறிவிக்கப்பட்டதும், அதைப் பார்த்து நம் நாட்டிலும் அறிவொளி இயக்கம் கிளம்பிற்று. புதுக்கோட்டையில் 1991-ல் ஆரம்பித்தது. அங்கே கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார் காலத்தில், எழுத்துப் படிக்க வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் விடவும் படித்தார்கள். சிலர் சிரித்தார்கள். ஆனால் புருஷன் வந்து கூட்டிப் போகும்வரை காத்திருந்தவள் தானே போய்த் தானே திரும்பினாள் என்றால், அது எழுத்தில் பாதியல்லவா!

நம் திருநெல்வேலியிலும் அந்த இயக்கம் நடந்தது. பட்டாளத்தில் வேலை பார்த்து, பிறகு தபாலாபீசில் வேலை பார்த்து, பத்தமடையில் குடியிருந்த எழுத்தாளர் தோழர் ச. தமிழ்ச்செல்வன் அவர்கள் அதில் முன்னின்று வேலை செய்தார். அந்த அனுபவங்களை "இருளும் ஒளியும்" என்கிற புஸ்தகமாகவும் எழுதி வைத்தார். துப்பாக்கி தூக்கின கை தபால் தூக்கி, பிறகு எழுத்தைத் தூக்கிற்று. இப்படிப் பேர் தெரிந்தவர் ஒருவர் என்றால், பேர் தெரியாத தொண்டர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். சம்பளமில்லாமல், பகலெல்லாம் தங்கள் வேலையைப் பார்த்துவிட்டு, ராத்திரி சாக்குக்கட்டியும் விளக்குமாகப் போய்ப் பத்துப் பத்துப் பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள்.

அவர்களில் நமக்குத் தெரிந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லுகிறோம். பீடி சுற்றுகிற வீட்டுப் பெண். பத்தாவது வரை படித்து, அதற்கு மேல் அனுப்பாமல் வீட்டில் நிறுத்தி, மடியில் பீடித் தட்டை வைத்துவிட்டார்கள். அறிவொளிக்கு ஆள் கேட்டபோது, "வீட்டை விட்டு வெளியே போக ஒரு சாக்கு கிடைத்தது" என்றுதான் வந்ததாக அந்த அம்மாளே நம்மிடம் சொன்னார். அவருக்குக் கிடைத்தது சேரித் தெரு. முதல் நாள் ஒரு கிழவி செம்பில் தண்ணீர் கொடுத்தாள். இவர் "தாகமில்லை" என்றார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அந்தக் கிழவி சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஏ தாயி, எங்க வீட்டுத் தண்ணி ஒனக்கு ஆகாதுன்னா, ஒன் எழுத்து மட்டும் எங்களுக்கு எப்பிடி ஆகும்?" என்று கேட்டாளாம்.

தோழர்களே! இந்த ஒரு கேள்விக்கு எந்தச் சாஸ்திரத்தில் பதில் இருக்கிறது? அந்தப் பெண் அன்று தண்ணீரை வாங்கிக் குடித்தார். அதற்காக வீட்டில் அடியும் வாங்கினார். அடுத்த நாளும் போனார். ஆறு மாதத்தில் அந்தத் தெருவுப் பெண்கள் தங்கள் பாஸ் புத்தகத்தைத் தாங்களே படித்து, "நேற்றுக் கொடுத்த பீடி ஆயிரம், குறைத்து எழுதியிருக்கிறதே, ஏன்?" என்று ஏஜெண்டைக் கேட்டார்கள். இப்போது சொல்லுங்கள், யாருக்கு யார் வாத்தியார்? கிழவிக்கு இவர் "அ, ஆ" சொல்லிக் கொடுத்தார். இவருக்குக் கிழவி மனுஷத்தன்மையைச் சொல்லிக் கொடுத்தாள்.

நம் ஊர்க் கிழவி மாத்திரம்தானா இப்படி? ஆப்பிரிக்காவில் கென்யா தேசத்தில் 2003-ல் ஆரம்பப் பள்ளிகளில் சம்பளம் எடுக்கப்பட்டது. மறு வருஷம் ஜனவரியில், வெள்ளைக்காரர் ஆட்சியை எதிர்த்துப் போராடின கிமானி மருகே என்கிற 84 வயதுக் கிழவர் சிறு பிள்ளைகளோடு முதல் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். ஏன் படிக்க வேண்டும் என்று கேட்டதற்கு, பாதிரி சொல்லுவது பைபிளில் உள்ளதுதானா என்று தாமே படித்துப் பார்க்க வேண்டும், தம் பணத்தைத் தாமே எண்ண வேண்டும் என்றார். படிப்பு எதற்கு என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பதில் வேண்டுமா? 2009-ல் இறந்துபோன அந்தக் கிழவர் பேர் உலகம் அறியும். அவரைச் சேர்த்துக்கொண்டு எழுத்துச் சொல்லிக் கொடுத்த தலைமை ஆசிரியை ஜேன் ஒபிஞ்சு அம்மையார் பேர் எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கும் இதே கதைதான்.

இனி நம்முடைய சங்கதிக்கு வருவோம். பெருந்தொற்றினால் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபின், 2021-ல் சர்க்கார் "இல்லம் தேடிக் கல்வி" என்று ஆரம்பித்தார்கள். நல்ல காரியம். சாயங்காலத்தில் தெருப் பிள்ளைகளைச் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கு ஏற்படுத்தின தொகை மாதம் 1000 ரூபாய்! கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி பேசுகிறோம்; தொண்டு என்ற வார்த்தையைச் சொன்னவுடன் மட்டும் கூலிப் பேச்சை விட்டுவிடுகிறோம். கோவிலில் மணி அடிக்கிறவனுக்கு மானியம் எழுதி வைத்தவர்கள், பிள்ளைக்கு எழுத்துச் சொல்லுகிற பெண்ணுக்குக் கும்பிடு போட்டால் போதும் என்கிறார்கள். கும்பிட்டால் அடுப்பு எரியுமா? சேவை என்கிற பேரில் பெண்ணின் உழைப்பை இனாமாக வாங்குவது அடுப்படி அடிமைத்தனத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்ததே அல்லாமல் வேறல்ல.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2023 ஆகஸ்டில் இதே ஜில்லா நாங்குநேரியில், ஒரு பட்டியல் ஜாதி மாணவனைக் கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன்பின் சர்க்கார் நீதிபதி சந்துரு அவர்களை நியமித்து, 2024-ல் அறிக்கையும் வாங்கினார்கள். வெட்டினவர்கள் எழுத்துத் தெரியாதவர்களா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்! ஆக்ஸ்போர்டு என்று சொல்லிக்கொள்ளுகிற ஊருக்குப் பக்கத்தில்! எழுத்து வந்து சேர்ந்தது. எழுத்தோடு கூட வரவேண்டியது வரவில்லை. கிழவி கேட்ட கேள்வியை அந்தப் பிள்ளைகளிடம் யாரும் கேட்கவில்லை.

ஆகையால் தோழர்களே, நாம் கேட்டுக்கொள்ளுவது மூன்றே விஷயம். முதலாவது, கல்வித் தொண்டர் எவரையும் அவர் பிறந்த தெருவிலேயே வைத்துவிடாதீர்கள். மேலத்தெருக்காரர் கீழத்தெருவுக்கும், கீழத்தெருக்காரர் மேலத்தெருவுக்கும் போய்ச் சொல்லிக் கொடுக்கட்டும். கீழத்தெருப் பெண்ணை வாத்தியாராக ஏற்காத தெருவுக்குக் கல்வியே முதலில் வரவில்லை என்று எழுதிக் கொள்ளுங்கள். இரண்டாவது, போகிற வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். மூன்றாவது, தொண்டர்களுக்கு வயிறு உண்டு என்பதை நினைத்து, ஊர்ப் பணத்தில் கொடைக்கும் தேருக்கும் எழுதுவதில் ஒரு பங்கை இவர்களுக்குக் கூலியாக எழுதுங்கள்.

அந்தப் பீடி வீட்டுப் பெண் இன்று நாலு பேரப் பிள்ளைகளுக்குப் பாட்டி. இந்தக் கூட்டத்தில்தான் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மாலை போடக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார். "மாலை வேண்டாம், ராத்திரி வகுப்புக்கு இரண்டு விளக்கு வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள்" என்கிறார். விளக்குக்கு நாம் இப்போது துண்டு விரிக்கப் போகிறோம். கொடுக்க முடிந்தவர்கள் கொடுங்கள் என்று சொல்லி இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.