வாலெலும்புக்கு மேல் வரும் கட்டி



உட்காரும் இடத்தில் ஒரு கட்டி வந்தால் நம் ஊர்ப் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. அம்மாவிடம் சொல்ல வெட்கம், அப்பாவிடம் சொல்லப் பயம். கூட்டாளியிடம் சொன்னால், "உடம்புச் சூடுடா, இளநீர் குடி" என்பான். சில நாளில் கட்டி தானாக உடைந்து சீழ் வடியும், வலியும் அடங்கிவிடும். போய்த் தொலைந்தது என்று நினைத்திருக்கும்போது, சில வாரமோ சில மாதமோ கழித்து அதே இடத்தில் மறுபடி வீங்கும். அப்போதுதான் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் இருக்கும் "மூலம், பவுத்திரம் ஆபரேஷன் இன்றி குணமாகும்" என்ற நோட்டீஸ் கண்ணில் படும்.

அந்த நோட்டீஸை நம்பிப் போகாதீர்கள். இது மூலமும் இல்லை, பவுத்திரமும் இல்லை. அவை இரண்டும் ஆசனவாயைச் சேர்ந்தவை. இது அதற்கு மேலே, வாலெலும்பின் மேல், இரு புட்டங்களும் சேரும் பிளவின் நடுக்கோட்டில் வருவது. டாக்டர்கள் பைலோநைடல் சைனஸ் என்பார்கள். நான் முடிப்புரை என்று சொல்கிறேன், ஏனென்றால் அதற்குள் இருப்பது பெரும்பாலும் முடிதான்.

முடி எப்படித் தோலுக்குள் போகும்? மயிரிழையின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. அவை ஒரே திசையில் சாய்ந்திருக்கும். காட்டு வழியே நடந்தால் வேட்டியில் ஏறும் ஒட்டுப்புல், அசைய அசைய உள்ளே போகுமே தவிர வெளியே வராது. இதுவும் அப்படித்தான். உதிர்ந்த முடி வியர்வையில் ஊறிய அந்தப் பிளவில் தங்குகிறது. உட்கார்ந்து எழும் ஒவ்வொரு உரசலிலும் ஒரு சிறு துவாரம் வழியாக இறங்குகிறது. உடம்பு அதை அந்நியப் பொருளாக எண்ணிப் போராடுகிறது, சீழ் கட்டுகிறது. ஜெர்மனியில் செய்த ஆய்வு ஒன்றில், புரைக்குள் எடுத்த முடியில் பின்மண்டையிலிருந்து வந்த, வெட்டுப்பட்டுக் கூரான துண்டுகள் நிறைய இருந்தன. முடி வெட்டிவிட்டு வந்தவரைக் குளிக்காமல் வீட்டுக்குள் விடாத நம் பாட்டிமார்களின் கண்டிப்பை இந்த ஒரு காரணத்துக்காகவாவது நான் ஆதரிக்கிறேன்.

ஒரு காலத்தில் இதைப் பிறவிக் கோளாறு என்றே மருத்துவர்கள் நம்பினார்கள். 1940-களில் பேட்டி, ஸ்கார்ஃப் என்ற இரு லண்டன் மருத்துவர்கள் இதே நோயை முடிதிருத்தும் தொழிலாளி ஒருவரின் விரலிடுக்கில் பார்த்தார்கள். விரலிடுக்கில் முடி முளைக்காதே! உள்ளே இருந்தது வாடிக்கையாளர்களின் முடி. பிறவிக் கோளாறு என்ற எண்ணம் அதிலிருந்து ஆட்டம் கண்டது. நம் சலூன்களில் வேலை செய்யும் அண்ணன்மார்கள் விரலிடுக்கில் ஆறாத புண் இருந்தால் அலட்சியமாக விடக் கூடாது.

பெரும்பாலும் இது 15 வயதிலிருந்து 35 வயதுக்குள் வரும். பெண்களுக்கும் வரும், ஆண்களுக்கு அதைவிட அதிகம். இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ 80 ஆயிரம் அமெரிக்கச் சிப்பாய்கள் இதற்காக ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். குலுங்கும் ஜீப்பில் மணிக்கணக்காக உட்கார்ந்ததால் வருகிறது என்று அதற்கு ஜீப் நோய் என்றே பெயர் வைத்தார்கள். நம் பகுதியில் கிருஷ்ணன்கோவில் வழியே கொல்லம் ரோட்டில் லாரி ஓட்டுபவர்களும், இறுக்கமான ஜீன்ஸோடு நாள் முழுக்கப் பெஞ்சில் உட்காரும் கலசலிங்கம் பல்கலைக்கழக மாணவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கண்டுபிடிக்கப் பெரும்பாலும் ஸ்கேன் வேண்டாம். அனுபவமுள்ள சர்ஜன் விலக்கிப் பார்த்தாலே, நடுக்கோட்டில் ஊசி குத்தியதுபோல் ஒன்றோ இரண்டோ துளைகள் தெரியும். சில சமயம் ஒன்றிலிருந்து முடிக்கொத்தே நீட்டிக்கொண்டிருக்கும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளில் முதலில் காட்டலாம். பெரிய சிகிச்சை வேண்டுமென்றால் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மதுரை ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது.

சீழ் கட்டி வலிக்கும்போது முதல் வேலை, கீறிச் சீழை வெளியேற்றுவது. அன்றே வலி பெரிதும் குறையும். பலர் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே புரையும் முடியும் அப்படியே இருக்கின்றன. வெறும் மாத்திரை அவற்றைக் கரைக்காது. திரும்பத் திரும்ப வந்தால் புரையை முழுதாக எடுக்க வேண்டும். எடுத்த புண்ணைத் தைக்காமல் விட்டால் அடியிலிருந்து மெல்ல ஆறும். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் கட்டுப் போட வேண்டும். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டித் தறிகளில் நெய்கிறார்களே பேண்டேஜ் துணி, அதன் அருமை அந்த நாட்களில் தெரியும். நடுக்கோட்டிலேயே இழுத்துத் தைத்தால் சீக்கிரம் மூடும், ஆனால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். தையல் எந்தக் குழியில் விழுகிறதோ அந்தக் குழியில்தானே முடியும் வியர்வையும் சேர்கின்றன! அதனால்தான் கிரேக்க மருத்துவர் கரிடாகிஸ் தையலைப் பக்கவாட்டுக்கு நகர்த்தினார். வைர வடிவில் வெட்டிப் பக்கத்துத் தோலைத் திருப்பி மூடும் லிம்பெர்க் முறையும் நம் நாட்டில் பரவலாக நடக்கிறது. "தையல் நடுவில் வருமா, பக்கத்தில் வருமா டாக்டர்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சிறிய புரை என்றால் துளைகளை மட்டும் எடுப்பதும், கேமராக் குழாய் விட்டுச் சுத்தம் செய்வதும் உண்டு. சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இருப்பவர்களுக்கும் பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும் புண் ஆறத் தாமதமாகும்.

எல்லாருக்கும் கத்தி வேண்டும் என்பதில்லை. 1994-ல் அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்று, அந்த இடத்து முடியை வாரம் தவறாமல் மழித்துச் சுத்தமாக வைத்ததாலேயே ஆபரேஷன்கள் பெருமளவு குறைந்ததைக் காட்டியது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் முடியை எத்தனை நாள் எடுக்க வேண்டும் என்று தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. தானே பார்க்க முடியாத இடம் என்பதால், வீட்டில் ஒருவர் கை கொடுத்தால்தான் இது நடக்கும். உங்கள் மகன் சில நாளாக ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருகிறானா, பைக்கில் ஏறும்போது முகம் சுளிக்கிறானா? அவன் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள், நீங்களே தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.