வேலியோரத்து வெட்டிவேர்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எழுந்துள்ள தொழிற்சாலைகளின் முகப்பிலே, லாரித் தண்ணீரை நம்பி ஜீவிக்கும் புல்தரைகளைக் காணும்போதெல்லாம், சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி வெள்ளத்துக்கும் ஒருங்கே ஈடுகொடுக்கவல்ல நம் வெட்டிவேரை அந்தத் தொழிற்சாலைக்காரர்கள் ஏன் உபேக்ஷை செய்தார்கள் என்ற ஆச்சரியமே எனக்கு மேலிடுகிறது.

கடலூர்ப் பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் வாசனைக்காகப் பயிராகும் இந்தப் புல், பக்கவாட்டில் படர்ந்து அண்டை நிலத்தை ஆக்கிரமிக்காமல், மூன்று மீட்டர் ஆழம் வரையில் நேர்கீழாக வேரோட்டி அடிமண்ணின் ஈரத்தைக் கிரகித்துக் கொள்வதால்தான் வறட்சியிலும் பிழைத்திருக்கிறது. 1980களில் உலக வங்கி நிபுணர்கள் மண்ணரிப்பைத் தடுக்க இதனைச் சிபாரிசு செய்ததும் இந்த வேரின் விசேஷத்தாலேயே.

வளர்ப்பது சிரமமன்று. புரட்டாசிக் கடைசியில் பழந்தூரைப் பிரித்து, இரண்டு மூன்று தண்டுகள் சேர்ந்த கன்றுகளாக்கி, தாளை ஒரு சாண் உயரத்துக்கு நறுக்கிவிட்டு, நல்ல வெயில் விழும் இடத்தில் (நிழலில் வேண்டாம், அங்கே அது சோம்பிப்போகும்) அரைச்சாண் இடைவெளியில் வரிசையாக நட வேண்டும். வேர் ஊன்றும் வரையில், மழை பொய்த்தால் தண்ணீர் அவசியம். பிறகு அவ்வளவாகக் கேட்காது. அவ்வப்போது முழங்கால் உயரத்துக்குக் கத்தரித்தால் தூர் அடர்ந்து வரும். அறுத்த தாள் மற்றச் செடிகளுக்கு மூடாக்காகும்.

ஒரு வார்த்தை: மண்ணைக் காக்க நட்டதை வேருக்காகத் தோண்டிவிடாதீர்கள். பானைத் தண்ணீருக்கு வாசனை வேண்டுமானால், பழைய சாக்கில் மணல் நிரப்பித் தனியே இரண்டு கன்று வையுங்கள்.