குமரி முதல் காஷ்மீர் வரை ஒரே சாலை

கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கிற 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இன்று உங்களை அழைத்துப் போகிறேன். நாட்டிலேயே நீளமான நெடுஞ்சாலை இது. 3,700 கிலோமீட்டருக்குக் குறையாது. மதுரை, சேலம் பக்கத்துப் பெரியவர்கள் இதை இன்னும் 'என்.ஹெச். ஏழு' என்றுதான் சொல்வார்கள். 2010இல் எண்களை மாற்றியபோது பழைய சாலைகள் பலவற்றைச் சேர்த்து ஒரே எண்ணாக்கினார்கள்.

கூட வந்தவர் என் பள்ளிக்காலத்து நண்பர். சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டினோம். எங்கே நிறுத்துவது என்பது மட்டும் அவர் பொறுப்பு.

பெங்களூரு நெரிசலைத் தாண்டி ஆந்திராவுக்குள் நுழைந்ததும், கொடிகொண்டாவில் இடப்பக்கம் திரும்பச் சொன்னார். சிறிது தூரத்தில் லேபாட்சி. ஒரே பாறையில் செதுக்கிய நந்தி, 27 அடி நீளம், 15 அடி உயரம். கழுத்து மணிகள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணலாம். வீரபத்திரர் கோயில் மண்டபத்தில் தரையை முழுதாகத் தொடாமல் நிற்கும் தூண் ஒன்று உண்டு. வருகிறவர்கள் அதன் அடியில் துணியை விட்டு இழுத்துப் பார்க்கிறார்கள். நாங்களும் துண்டை விட்டுப் பார்த்தோம்.

கர்நூல், ஹைதராபாத் கடந்து அடிலாபாத் பக்கம் போனபோது, சாலையோர வேப்பமரத்தடியில் நாமக்கல் லாரி ஒன்று நின்றது. டிரைவரும் கிளீனரும் சின்ன ஸ்டவ்வில் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்த்ததும், "வாங்கண்ணே, சாப்பிட்டுப் போலாம்" என்றார்கள். ரசமும் முட்டைப் பொரியலும். "ரொட்டி ரெண்டு நாளைக்கு மேல இறங்காதுண்ணே" என்றார் டிரைவர்.

அடுத்து மகாராஷ்டிரத்தில் ஹிங்கன்காட். நாக்பூருக்கு முன்னால் வரும் பருத்தி ஊர். யாரும் இறங்காத இடத்தில் ஏன் இறங்க வேண்டும் என்று கேட்டேன். "லாம்டன் மெட்ராஸ்ல ஆரம்பிச்சு அளந்துக்கிட்டே வந்து இங்கதான்டா செத்தாரு. எட்டிப் பாக்காம போறதா?" என்றார் நண்பர்.

வில்லியம் லாம்டன் 1802இல் பரங்கிமலை அருகே சங்கிலி போட்டு நாட்டை அளக்கத் தொடங்கியவர். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது தியோடலைட் என்ற அவருடைய அரை டன் கோண அளவைக் கருவி மோதிச் சேதமானது. அதைப் பழுது பார்த்துக்கொண்டு குமரி முனை வரை அளந்தார். பிறகு வடக்கே நகர்ந்தார். 1823இல் இந்த ஊரில் இறந்தார். அவருக்குப் பின் அந்தப் பணியை ஏற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் இமயமலை அடிவாரம் வரை அளந்து முடித்தார். அந்த அளவைக்கோடு ஓடும் திசையில்தான் பெரும்பாலும் நம் சாலையும் ஓடுகிறது. கல்லறை முன்னால் நண்பர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

நாக்பூர் தாண்டினால் பென்ச் காடு. அங்கே சாலையைத் தூண்கள் மேல் உயர்த்தி, அடியில் விலங்குகள் போக வழி விட்டிருக்கிறார்கள். ஒரு வழி 750 மீட்டர் அகலம். புலிகள் அதில் நடப்பதைக் கேமராக்கள் பதிவு செய்திருக்கின்றன. நமக்குத் தெரிவது தார்ச்சாலை மட்டும்தான். குவாலியர் தாண்டி சம்பல் ஆற்றை நெருங்கும்போது மண் மேடும் பள்ளமுமாகப் பிளந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் கொள்ளையருக்குப் பேர்போன பூமி.

ஆக்ரா, டெல்லி, பானிபட், லூதியானா எல்லாம் வேகமாக ஓடிவிடும். ஜம்முவுக்கு மேலேதான் மலை. 2017இல் திறந்த செனானி–நஷ்ரி சுரங்கம் 9 கிலோமீட்டர். பனிஹால் சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு. அக்டோபர் கடைசி என்பதால் பாம்போரில் குங்குமப்பூ மலர்ந்திருந்தது. ஊதா நிறப் பூவுக்குள் மூன்றே மூன்று சிவப்பு இழைகள். குடும்பமாக உட்கார்ந்து அவற்றைக் கையால் பிரிக்கிறார்கள்.

கிளம்புவதானால் அக்டோபரில் கிளம்புங்கள். டிசம்பர், ஜனவரியில் டெல்லி, ஹரியானா பக்கம் மூடுபனியில் முன்னால் போகிற வண்டி தெரியாது. ஜம்முவுக்கு மேலே ராம்பன் பகுதியில் மழை பெய்தால் மலை சரியும்; போக்குவரத்து போலீசாரைக் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்முவிலும் காஷ்மீரிலும் வேலை செய்யாது; போஸ்ட்பெய்டு எடுத்துப் போங்கள். முக்கியமாக, எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போங்கள்.